மாடிக்குக் குடிபோன தெர்மோஸ்டாட்

எங்கள் வீட்டுக் குளிர்சாதனத்தின் தெர்மோஸ்டாட் 12 ஆண்டுகளாகக் கீழ்த்தளத்தில், படிக்கட்டின் முதல் படிக்கு எதிரே, அம்மாவின் அறை வாசலை ஒட்டிய சுவரில் இருந்தது. வீட்டின் சூட்டைப் பார்த்துக் குளிர்சாதனத்தை ஓடவும் ஓயவும் வைக்க வேண்டிய, உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி; ஒரு சிறிய திரை, ஐந்து பொத்தான்கள். சென்ற ஆண்டு மே மாதத்தில் அதைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோனோம். கம்பியை அளந்தால் 11 மீட்டர். ஆள் வந்து வேலை பார்த்த நேரம் அரை நாள்கூட இல்லை. ஆனால் அதை எங்கே வைப்பது என்று முடிவெடுக்க எனக்கு இரண்டு மாதமும், வைத்த பிறகு வீட்டைப் பழைய அமைதிக்குக் கொண்டுவர இன்னும் மூன்று மாதமும் பிடித்தன.

சிங்கப்பூரில் பெரும்பாலான வீடுகளில் இப்படியொரு பெட்டிக்கு வேலையே இல்லை. வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீட்டில் அறைக்கு ஒரு குளிர்சாதனம் சுவரில் தொங்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிமோட் இருக்கும். வெப்பநிலையை அறியும் உணரி, காற்றை உள்ளே இழுக்கும் பக்கத்தில், அந்த இயந்திரத்தின் வயிற்றுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அறைக்கு அறை தனி அரசாங்கம் என்பதால் ஒருவர் குளிர் இன்னொருவரைத் தொடாது. சிராங்கூன் கார்டன்ஸில் நாங்கள் வாங்கிய பழைய வரிசை வீட்டில் நிலைமை வேறு. முன்பு இருந்தவர், சுவரில் எந்தப் பெட்டியும் கண்ணில் படக்கூடாது என்று நினைத்தவர்போலும். கீழ்த்தளத்துக் கூடத்தின் ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஒரே ஒரு பெரிய இயந்திரத்தைப் பொருத்தி, அதிலிருந்து டக்ட் குழாய்களைக் கீழறைகளுக்கும் மாடியறைகளுக்கும் பிரித்து அனுப்பியிருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு தளங்களுக்கும் சேர்த்து முடிவெடுப்பது ஒரே உணரி என்பதையும், அந்த உணரி இருக்கும் இடத்தின் வானிலையைத்தான் முழு வீடும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதையும், மகள் உயர்நிலை நான்குக்குப் போய் இரவு ஒரு மணிவரை மாடியில் படிக்கத் தொடங்கிய பிறகுதான் உணர்ந்தேன்.

அவள் அறை மேற்குப் பார்த்தது. "அப்பா, மேல வந்து பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்க" என்றாள் ஒருநாள். போய் உட்கார்ந்தேன். கீழே அம்மா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். மேலே என் முதுகில் சட்டை ஒட்டியது.

மறுநாள் இரும்புச்சாமான் கடையில் மலிவான வெப்பமானிகள் நான்கு வாங்கினேன். அம்மாவின் அறை, கீழ்க்கூடம், மாடி நடை, மகளின் அறை ஆகிய நான்கு இடங்களிலும் வைத்து, ஒரு வாரத்துக்குக் காலை ஆறு மணி, பிற்பகல் மூன்று மணி, இரவு பதினொரு மணி என்று நோட்டில் குறித்தேன். மனைவி சிரித்தாலும், அந்த நோட்டு இல்லாமல் இந்த வேலையில் இறங்கியிருந்தால் நான் வழியிலேயே குழம்பிப்போயிருப்பேன். குளிர்சாதனத்தை 25 டிகிரியில் வைத்திருந்த இரவுகளில், பதினொரு மணிக்குக் கீழ்க்கூடம் 25.2, அம்மாவின் அறை 24.4, மாடி நடை 27.6, மகளின் அறை 28.7 என்ற அளவில் இருந்தன. கம்ப்ரஸரோ தன் கடமை முடிந்தது என்று வேகத்தைக் குறைத்துவிட்டு ஓய்ந்திருந்தது. சுவரில் இருந்த பெட்டியின் திரையில் 25 என்று தெரிந்தது. அது நாம் கேட்ட எண், வீட்டில் இருக்கும் எண் அல்ல என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்த அறியாமைக்கான விலையைப் பிறகு கொடுத்தேன்.

மாடி ஏன் இப்படிக் கொதிக்கிறது என்பதற்கு எல்லோரும் சொல்லும் பதில், சூடான காற்று மேலே ஏறும் என்பது. அது உண்மைதான், ஆனால் அதன் பங்கு சிறிது. 25 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 29 டிகிரியில் இருக்கும் காற்று எடையில் நூற்றுக்கு ஒன்றேகால் பங்களவுதான் குறைவு. திறந்த படிக்கட்டு இருக்கும் வீட்டில் அந்தச் சிறு வேறுபாடே குளிர்ந்த காற்றை ஓடைபோலக் கீழே இறங்க வைக்கப் போதும் என்றாலும், பெரிய குற்றவாளி கூரைதான். பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 1.3 டிகிரி வடக்கே இருக்கும் நம் தீவில், ஆண்டின் எந்த நாளிலும் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 65 டிகிரிக்குக் கீழே நிற்பதில்லை. பூமத்திய ரேகையிலிருந்து தள்ளியிருக்கும் நாடுகளில் சுவர்கள் பங்கிட்டுக்கொள்ளும் வெயிலை இங்கே கூரையே தலையில் சுமக்கிறது. பகல் முழுவதும் ஓடுகளும் அவற்றின் கீழுள்ள வெற்றிடமும் காய்ந்து, இரவில் அந்தச் சூட்டை மெல்ல மெல்ல மாடியறையின் கூரைப்பலகை வழியாகக் கீழே கதிராக விடுகின்றன. அதனால்தான் வெப்பமானி 27 காட்டும்போதும் உடம்புக்கு 29 போலத் தோன்றுகிறது. மேற்குச் சுவரின் செங்கல்லும் அப்படியே; பிற்பகலில் வாங்கிய வெயிலை அது திருப்பிக் கொடுப்பது இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு. எங்களுக்குப் பக்கத்துப் பேட்டையான அங் மோ கியோவில் 2023 மே 13ஆம் தேதி 37 டிகிரி பதிவானது. 1983 ஏப்ரலில் தெங்காவில் பதிவான உச்சத்துக்கு அது சமம். அன்றிரவு மகள் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே வந்து கூடத்தில் படுத்தது நினைவிருக்கிறது.

தெர்மோஸ்டாட்டை இடம் மாற்றுவது பற்றி இணையத்தில் தேடினால் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி குளிர்நாட்டு வீடுகளுக்கானது. அங்கே அந்தப் பெட்டி வீட்டைச் சூடாக்கும் உலையை இயக்குகிறது. மாடியில் வைத்தால், ஏறிவரும் சூட்டில் பெட்டி சீக்கிரமே திருப்தியடைந்து உலையை நிறுத்திவிடும், கீழே இருப்பவர்கள் விறைப்பார்கள். ஆகவே கீழ்த்தளத்திலேயே, குடும்பம் அதிகம் புழங்கும் அறையின் உட்சுவரில் வை என்கிறார்கள். அவர்களுக்கு அது சரி. நமக்கு ஆண்டு முழுவதும் குளிர்விக்கும் வேலை மட்டுமே இருப்பதால் கணக்கு அப்படியே தலைகீழாகிறது. கீழே இருக்கும் பெட்டிதான் இங்கே சீக்கிரம் திருப்தியடைகிறது. நானும் முதலில் அந்த அறிவுரைகளைப் படித்துவிட்டு, இருக்கும் இடமே சரி என்று இரண்டு வாரம் சும்மா இருந்தேன்.

இந்தக் கருவியின் பிறப்பே இடத்தைப் பற்றிய ஒரு தொல்லையில்தான் நிகழ்ந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஒய்ட்வாட்டர் என்ற ஊரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்திய வாரன் ஜான்சன் என்பவருக்கு, வகுப்பு நடுவில் பணியாளர் உள்ளே வந்து வெப்பநிலையைப் பார்த்துவிட்டுப் போவது எரிச்சலாக இருந்தது. அந்தப் பணியாளர் அறை அறையாக ஏறி இறங்கிப் பார்த்து, பிறகு அடித்தளத்துக்குப் போய் உலையைச் சரிசெய்ய வேண்டும். ஜான்சன் 1883இல் காப்புரிமை பெற்ற மின்சாரக் கருவி, அறையின் நிலையைக் கீழே இருப்பவருக்கு மணியடித்துத் தெரிவித்தது. பிறகு வந்த தலைமுறைகளில் பாதரசக் குமிழும் ஈருலோகச் சுருளும் கொண்ட வட்டமான தெர்மோஸ்டாட் பெயர் பெற்றது. ஹனிவெல் நிறுவனம் அதை 1953இல் வெளியிட்டது. அதைச் சுவரில் இம்மி பிசகாமல் நேராக மாட்ட வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் பொய் சொல்லும். எங்கள் பெட்டியில் இருப்பது தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். இந்த வகையில் பரவலாகப் பயன்படுவது 25 டிகிரியில் 10,000 ஓம், 30 டிகிரியில் ஏறத்தாழ 8,000 ஓம். சாய்த்து மாட்டினாலும் அதற்குக் கவலையில்லை. தன்னைச் சுற்றி நிற்கும் காற்று வீட்டின் காற்றா, வேறெங்கிருந்தோ கசிந்து வந்த காற்றா என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

ஆகவே மாடியில் எந்தச் சுவர் என்பதுதான் கேள்வி. மகள் தன் அறையில் வைக்கச் சொன்னாள். மேற்குச் சுவர் கொதிக்கும் அறையில் வைத்தால் மற்ற அறைகள் உறைந்துவிடும் என்பது ஒன்று, கதவைச் சாத்தினால் அந்தப் பெட்டிக்கு உலகமே அந்த அறைதான் என்பது இன்னொன்று. படிக்கட்டின் தலைப்பில் ஏற்கெனவே ஒரு மின்பெட்டி இருந்ததால் வேலை சுலபம். ஆனால் அங்கே காற்று எந்நேரமும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், அது மாடியும் இல்லை, கீழும் இல்லை. எங்கள் படுக்கையறைச் சுவரில் டக்ட் வாய் நேராக ஊதுகிறது. குளியலறைக்கு வெளியே வைத்தால் வெந்நீர்க் குளியலின் ஆவி படும். கடைசியில் எஞ்சியது மாடி நடையின் நடுவில், இரண்டு அறைகளுக்கு இடைப்பட்ட உட்சுவர். வெயில் படாது, டக்ட் ஊதாது, விளக்குச் சூடு இல்லை. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் பென்சிலால் குறித்துவிட்டு வெப்பமானியை மூன்று நாள் அங்கே ஒட்டிவைத்தேன். அது காட்டிய எண் மாடியறைகளின் சராசரிக்கு அரை டிகிரிக்குள் இருந்தது.

அம்மாவிடம் சொல்வதை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். 1960களில் செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில், மின்விசிறிகூட ஆடம்பரமாக இருந்த வீட்டில் வளர்ந்தவர் அவர். லீ குவான் இயூ பிரதமரானதும் முதல் வேலையாக அரசாங்க அலுவலகங்களுக்குக் குளிர்சாதனம் போடச் செய்ததைப் பெருமையாகச் சொல்வார். ஆனால் அது அலுவலகத்துக்குத்தான், வீட்டுக்கு எதற்கு என்பது அவர் கட்சி. முழங்கால் வலியால் மாடி ஏற முடியாத அவருக்கு, வீட்டின் குளிரைத் தன் கையால் கூட்டவும் குறைக்கவும் இருந்த ஒரே இடம் அந்தப் பெட்டி. கடைசியில் சொன்னபோது, "பிள்ளை படிக்கணும்ல, தூக்கிட்டுப் போ" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அப்படி அவர் சட்டென்று ஒத்துக்கொண்டதே எனக்கு உறுத்தலாக இருந்தது.

வேலைக்கு வந்தவர் அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி, குளிர்சாதன வேலையில் ஒன்பது ஆண்டு அனுபவம். பெட்டிக்குப் போவது மெல்லிய இரண்டு இழைக் கம்பி, அதில் ஓடுவது குறைந்த அழுத்த மின்சாரம்தான். ஆனால் 230 வோல்ட் கம்பி போகும் குழாயிலேயே இதையும் நுழைத்தால் சமிக்ஞை கெடும், பாதுகாப்பும் இல்லை என்று தனி வழி தேடினார். வீட்டின் நிலையான மின்கம்பிகளைத் தொடும் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும் என்பதால், அவர் அந்தப் பக்கமே போகவில்லை, மெயின் சுவிட்சை அணைத்ததோடு சரி. பழைய கம்பியோடு புதியதை முடிந்து இழுத்தால் வரும் என்ற என் யோசனையைக் கேட்டு, "அண்ணே, சுவத்துக்குள்ள முடிச்சு இருந்தா நாளைக்கு எவனும் கண்டுபிடிக்க முடியாது. இயந்திரத்துலேர்ந்தே புதுசா ஒரே நீளமா இழுத்துடுவோம்" என்றார். சீலிங்குக்குள் இருக்கும் இயந்திரத்திலிருந்து டக்ட் ஏறும் பொந்து வழியாக மாடிக்கூரைக்குப் போய், அங்கிருந்து சுவருக்குள் இறங்கியது கம்பி. சிறிது தூரத்துக்கு மட்டும் வெளியே ட்ரங்க்கிங், அதாவது கம்பியை மறைக்கும் உறை, ஓட வேண்டியிருந்தது. வெள்ளையடித்த பிறகு கண்ணுக்குத் தெரியவில்லை.

பெட்டியை மாட்டுவதற்கு முன் அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். சுவர்த் துளைக்கு நேரே உள்ளங்கையைப் பிடிக்கச் சொன்னார். வெதுவெதுப்பான காற்று வந்து கையில் பட்டது. கூரை வெற்றிடத்தின் 40 டிகிரிக் காற்று குழாய் வழியாக இறங்கி, பெட்டியின் முதுகில் ஊதிக்கொண்டிருந்தது. அதை அப்படியே விட்டிருந்தால் அந்த உணரி வீட்டை விட்டுவிட்டு எங்கள் கூரையின் வெப்பத்தை அளந்துகொண்டு, இயந்திரத்தை இரவு பகலாக விரட்டியிருக்கும். பட்டி வைத்துத் துளையை அடைத்தார். இரண்டு வெள்ளிகூடப் பெறாத பட்டி.

மெயின் சுவிட்சைப் போட்டோம், திரை ஒளிர்ந்தது, 25 வைத்தேன். அன்றிரவு மகளின் அறையில் 28.6.

மறுநாள் 28.8. மூன்றாம் நாளும் அதே கதை. கீழே அதே குளிர், மேலே அதே புழுக்கம். பெட்டி ஏறிப்போனது வீட்டுக்குத் தெரியவே இல்லைபோலும். தம்பிக்குத் தொலைபேசியில் நோட்டில் உள்ள எண்களை வாசித்தேன். மறுமுனையில் சிறிது மௌனம், பிறகு ஒரு சிரிப்பு. மாலையில் வந்தவர், இரண்டு பொத்தான்களை நான்கைந்து வினாடி சேர்த்து அழுத்தி, திரையில் ஒரு மறைவான பட்டியலைத் திறந்து, ஏதோ ஒரு வரிசையில் 01 என்றிருந்ததை 02 ஆக்கினார். இந்த வகை இயந்திரங்களில் உணரி இரண்டு இடங்களில் உண்டு: ஒன்று சுவர்ப்பெட்டிக்குள், மற்றொன்று கூடத்துச் சீலிங்கில் திரும்பிவரும் காற்றை உறிஞ்சும் வாய்க்குள். எதன் பேச்சைக் கேட்பது என்பதை அந்த எண் தீர்மானிக்கிறது. எங்கள் வீட்டில் பொருத்திய நாளிலிருந்தே அது சீலிங்கைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. ஆக 12 ஆண்டுகளாகக் கீழ்ச்சுவரில் இருந்தது தெர்மோஸ்டாட்டே அல்ல, வெறும் சுவிட்சுப் பலகை. அதன்மேல் ஈரத்துணி பட்டால் கணக்குத் தப்பும் என்று நான் வீட்டில் எல்லோரையும் விரட்டியதெல்லாம் வீண்.

இதைப் படிப்பவர்களில் யாராவது இந்த வேலையில் இறங்குவதாக இருந்தால், சுவரை உடைப்பதற்கு முன் அந்த எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். சில வீடுகளில் அதை மாற்றினாலே போதுமானதாக இருக்கலாம்.

எண் மாறிய இரவு, மகளின் அறை 26.1க்கு இறங்கியது. அவள் மகிழ்ச்சியை விவரிக்க வேண்டியதில்லை. விவரிக்க வேண்டியது கீழ்த்தளத்தை. மாடி நடை 25ஐத் தொடும்வரை இயந்திரம் விடாமல் ஓடியது. குழாய்களோ பழைய கணக்குப்படி காற்றில் பாதிக்கு மேல் கீழே தள்ளிக்கொண்டிருந்தன. மேலே தள்ளியதும் படிக்கட்டு வழியாகக் கீழேதான் வழிந்தது. அதிகாலையில் கீழ்க்கூடம் 21.9. அம்மா ஸ்வெட்டரும் காலுறையும் போட்டுக்கொண்டு, எதுவும் சொல்லாமல் காப்பி போட்டார். கூடத்து ஜன்னல் கண்ணாடிகள் வெளிப்புறத்தில் பனி மூடியதுபோல வெளுத்திருந்தன.

நான்காம் நாள் காலை ஆறரை மணிக்கு, வழக்கம்போலத் துளசிக்குத் தண்ணீர் ஊற்ற அம்மா பின்கதவைத் திறந்தார். விடிகாலையில் நம் ஊர்க் காற்று 26 டிகிரியில் 90 விழுக்காட்டு ஈரப்பதத்தோடு நிற்கும். அந்தக் காற்று 24 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதைத் தொட்டாலும் அங்கே நீர் கோக்கும். இரவெல்லாம் குளிர்ந்திருந்த எங்கள் பளிங்குத் தரை 22இல் இருந்தது. கதவு திறந்த சில நிமிடங்களில் தரை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம். திரும்பி வந்த அம்மாவின் கால் வழுக்கியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. மாடியிலிருந்து நான் ஓடிவந்தபோது, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே அவர் தரையைத் துடைக்கக் குனிந்துகொண்டிருந்தார். 78 வயது. அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு செய்தவற்றைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். கீழ்த்தளத்துக்குப் போகும் குழாய்களில் இருந்த, காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் டாம்பர் தகடுகளைத் தம்பி கால்பங்கு மூடினார். முழுதாக மூடச் சொன்னேன். காற்றோட்டம் ரொம்பக் குறைந்தால் உள்ளே காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயிலில் பனிக்கட்டி பிடித்துவிடும் என்று மறுத்துவிட்டார். மாடியறைக் கதவுகளின் அடியை இரண்டு சென்டிமீட்டர் சீவினோம். கதவைச் சாத்திய அறைக்குள் ஊதும் காற்று திரும்பிப்போக வழியில்லாவிட்டால், புதுக்காற்று உள்ளே வர மறுக்கிறது. மகளின் அறையில் கூரைவிசிறி மாட்டி, அளவை 25இலிருந்து 26க்கு உயர்த்தினோம். காற்று உடம்பில் அசைந்தால் அந்த ஒரு டிகிரி தெரிவதில்லை. இயந்திரம் காலை ஐந்து மணிக்குத் தானாக நின்றுவிடும்படி டைமர் வைத்தேன். அம்மா கதவைத் திறக்கும்போது தரை 24ஐத் தாண்டிவிடுகிறது. ஆகஸ்டில் கூரைப்பலகைக்கு மேலே வெப்பத்தடுப்புப் பஞ்சு விரித்தோம். இதற்கான செலவு தெர்மோஸ்டாட்டை மாற்றிய செலவைப்போல ஆறு மடங்கு, பலனும் அப்படித்தான். மாடிக்கும் கீழுக்கும் இடையிலான வேறுபாடு மூன்றரை டிகிரியிலிருந்து ஒன்றரைக்கு வந்துவிட்டது. ஜூனில் 690இலிருந்து 810 யூனிட்டுக்கு ஏறிய மின்கணக்கு செப்டம்பரில் 700க்குத் திரும்பியது. கூரையை முதலில் பார்த்திருந்தால் பெட்டியை மாற்றும் எண்ணமே எனக்கு வந்திருக்காது என்று மனைவி சொல்கிறார். மறுப்பதற்கு என்னிடம் எண் எதுவும் இல்லை.

பழைய இடத்தில் சுவர்த் துளையை ஒரு வெற்றுத் தகட்டால் மூடியிருக்கிறோம். பழைய கம்பியைத் தம்பி வெட்டவில்லை, சுருட்டி உள்ளேயே வைத்திருக்கிறார். விரும்பினால் துணைப்பெட்டி ஒன்றை அங்கே மாட்டலாம், அளக்கும் வேலை மாடிப்பெட்டியிடமே இருக்கும், கூட்டுவதும் குறைப்பதும் இரண்டு இடத்திலிருந்தும் முடியும் என்றார். அம்மாவிடம் கேட்டேன். "எதுக்குப்பா அதெல்லாம்? நான் கூட்டுவேன், அவ குறைப்பா, ராத்திரியெல்லாம் இதே வேலையாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு, தகட்டை மறைத்துத் தினசரி நாள்காட்டியை மாட்டினார்.

இப்போது இரவில் குளிர் அதிகமானால், கைத்தடியால் படிக்கட்டுக் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டுகிறார். மாடி நடையில் யார் பக்கத்தில் இருக்கிறோமோ அவர் எழுந்துபோய் ஒரு டிகிரி கூட்ட வேண்டும். பெரும்பாலும் மகள்தான் எழுந்து போகிறாள்.